சென்னைப் பெருநகரில் ஏழைக்கு எங்கே இடம்?

2019 ஏப்ரல் முதல் ஜி.எஸ்.டி. விதிகளில் ‘கட்டுப்படியாகும் வீடு’க்கு ஒரு வரையறை இருக்கிறது. சென்னை போன்ற பெருநகரில் உட்பரப்பு 60 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சம் ரூபாய்க்குள்ளும் இருந்தால் அந்த வீட்டுக்கு வரி ஒரு சதவீதம்தான். இந்த 45 லட்சத்தை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். கையிலிருந்து 9 லட்சம் புரட்டி, மீதி 36 லட்சத்தை எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 31,000 ரூபாயைத் தாண்டுகிறது. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் ‘பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு’க்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம், அதாவது மாதம் 25,000. சம்பளம் முழுவதையும் கொண்டுபோய் வங்கியில் கட்டினாலும் தவணைக்கு 6,000 குறையும். அதற்கு அடுத்த படியில் இருக்கும் ‘குறைந்த வருவாய்ப் பிரிவு’க்கு வரம்பு 6 லட்சம். மாதம் 50,000 வரும் அந்தக் குடும்பத்தில் தவணை போக மிஞ்சும் 19,000-க்குள் அரிசி, பள்ளிக் கட்டணம், மருந்து, பெட்ரோல், ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அடங்க வேண்டும். வரிச் சலுகை ஒரு மக்களுக்குப் போகிறது; வீடில்லாமல் தவிப்பவர்கள் வேறு மக்கள்.

அந்த வேறு மக்கள் எத்தனை பேர்? நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை மதிப்பிட மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு 2012-இல் நாடு முழுவதும் 1.88 கோடி வீடுகள் குறைவதாகச் சொன்னது. தமிழகத்தின் பங்கு சுமார் 12.5 லட்சம். பற்றாக்குறையில் 95 சதவீதம் நலிந்த பிரிவினருக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் உரியது. அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. அந்த 1.88 கோடியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, தெருவில் கிடப்பவர்களின் கணக்கு அல்ல. கூரை இருந்தும் நெருக்கியடித்து வாழும் குடும்பங்கள் அவை. மகனுக்குக் கல்யாணமாகியும் தனி அறை இல்லாதவர்கள். இன்னொரு பக்கம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டின் நகரங்களில் 1.1 கோடி வீடுகள் ஆளில்லாமல் கிடப்பதாகக் காட்டியது.

ஆளில்லாத வீடும் வீடில்லாத ஆளும் ஒரே நகரத்தில் சேர்ந்து இருக்கக் காரணம் நிலம். செங்கல், சிமென்ட், கம்பி, கொத்தனார் கூலி ஆகியவற்றின் விலை மயிலாப்பூருக்கும் புறநகரான மண்ணிவாக்கத்துக்கும் பெரிதாக மாறுவதில்லை. மனை விலைதான் மாறுகிறது. எனவே ஏழைக்கு வீடு கட்டித்தர வேண்டும் என்று யார் சொன்னாலும் எங்கே என்று உடனே கேட்க வேண்டியிருக்கிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதியின் ஐம்பதாண்டு வீட்டுவசதி வரலாறு இந்தக் கேள்விக்கு அரசு மாற்றி மாற்றிச் சொன்ன பதில்களின் வரலாறுதான். அந்தப் பதில்களில் நன்றாக வேலை செய்தவை கைவிடப்பட்டன, வேலை செய்யாதது பெரிய அளவில் தொடர்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் பதில் 1970-இல் வந்தது. மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது, இராம. அரங்கண்ணல் அதன் முதல் தலைவர். மறு ஆண்டே குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. அதற்கு முன்பே வீட்டுவசதி வாரியம் இருந்தது, அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் எல்லாம் அதன் கைவண்ணம். ஆனால் மாதச் சம்பளக்காரர்களுக்கு மனையும் வீடும் தருவதே அதன் முதன்மையான வேலையாக இருந்தது. குடிசை மாற்று வாரியம் கூவத்தின் கரையிலும் கடற்கரைக் குப்பங்களிலும் ரயில் பாதையோரமும் இருந்தவர்களைப் பார்த்தது. அதன் தொடக்கக்கால வழி எளிமையானது: குடிசைகள் இருந்த இடத்திலேயே மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகளைக் கட்டி அதே மக்களைக் குடியேற்றுவது. நொச்சிக்குப்பத்து மீனவர் அலைக்கு அருகிலேயே இருந்தார். வீட்டு வேலைக்குப் போகும் பெண் நடந்தே போய்வந்தார். வீடுகள் சிறியவை, பராமரிப்பு மோசம், பிற்காலத்தில் பல கட்டடங்கள் இற்றுப்போயின. இவ்வளவு குறை சொன்ன பிறகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இன்று மெரினாவுக்கு அருகிலும் நந்தனத்திலும் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் வாழ முடிகிறதென்றால் அதற்குக் காரணம் அந்தப் பத்தாண்டின் முடிவுகள்.

இரண்டாவது பதில்தான் என் பார்வையில் மிக அருமையானது, மிகக் குறைவாக நினைவுகூரப்படுவதும் அதுவே. உலக வங்கியின் கடனுதவியோடு 1977-இல் சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1980-இல் அதன் இரண்டாம் கட்டம். அடுக்குமாடி கட்டித்தர ஆகும் செலவில் சில ஆயிரம் குடும்பங்களுக்குத்தான் வீடு கொடுக்க முடியும், குடிசைகளோ அதைவிட வேகமாகப் பெருகுகின்றன என்று திட்டமிட்டவர்கள் கணக்குப் போட்டார்கள். அதனால் வீட்டை விட்டுவிட்டு மனையைக் கொடுத்தார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர், பிறகு முகப்பேர் என்று இடங்கள் எடுக்கப்பட்டு, சாலை, குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு போடப்பட்டு, மனைகள் பிரிக்கப்பட்டன. மிகச் சிறிய மனை ஏறக்குறைய ஒரு சென்ட். பெரிய மனைகளும் கடைகளுக்கான இடங்களும் சந்தை விலைக்கு விற்கப்பட்டன. அந்த லாபம் சிறிய மனையின் விலையைக் குறைத்தது. ஏழைகள் அதைத் தவணையில் கட்டினார்கள்.

ஒரு சென்ட் மனையில் என்ன நடந்தது என்பதை வில்லிவாக்கத்திலோ முகப்பேரிலோ இன்றும் தெருவில் நின்று பார்க்கலாம். தொடக்கத்தில் மனையின் ஒரு மூலையில் கழிப்பறையும் குழாயும் மட்டும் இருக்கும். ஒதுக்கீடு பெற்றவர் முன்பக்கம் ஓலையோ தகரமோ போட்டுக் குடிவந்தார். சீட்டுப் பணம் கைக்கு வந்த வருஷம் சுவர் எழுந்தது. நகையை அடகு வைத்த வருஷம் தளம் போட்டார்கள். பையன் வேலைக்குப் போனதும் வெளிப்புறமாகக் குறுகிய படிக்கட்டு ஏறி முதல் மாடி வந்தது; கீழ்த்தளம் வாடகைக்குப் போனது, அல்லது அங்கே மாவு மில்லோ தையல் கடையோ வந்தது. இன்று அந்தத் தெருக்களில் இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஆட்டோ ஓட்டுநரும் வங்கி ஊழியரும் ஒரே தெருமுனையில் பால் வாங்குகிறார்கள். சிறு மனையும் பெரிய மனையும் ஒரே திட்டத்தில் கலந்திருந்ததால் பள்ளிக்கும் பஸ்ஸுக்கும் கேட்டு வாங்கக் குரல் உள்ளவர்களும் அங்கேயே இருந்தார்கள். வில்லிவாக்கம் சென்ட்ரலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள், மின்சார ரயில் நிற்கும் ஊர். வேலைக்குப் போக வழி இருந்தது.

மனைகள் நிரம்பத் தாமதமாகிறது, செலவு திரும்பவில்லை என்ற குறைகளால் இத்தகைய திட்டங்கள் தோல்வி என்று 1990-களில் உலக அளவிலேயே ஒதுக்கப்பட்டன. உலக வங்கியும் கையை எடுத்துக்கொண்டது. பிறகு சுமிலா குல்யானி உள்ளிட்ட ஆய்வாளர்கள் சென்னையிலும் மும்பையிலும் அந்த இடங்களுக்கே திரும்பிப் போய்ப் பார்த்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தோல்வி என்று எழுதி மூடப்பட்டவை நெருக்கமான, வாழத்தக்க, பல வருமானத்தாரும் கலந்து வாழும் குடியிருப்புகளாக வளர்ந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். ஒரு குடியிருப்பு தழைக்க இருபது ஆண்டு பிடிக்கும். திட்ட மதிப்பீடோ ஐந்தாறு ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. அந்த அவசரத்தில் சென்னை தன் சிறந்த கருவியைக் கீழே போட்டுவிட்டது.

மூன்றாவது பதில் 2000-இல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் தொடங்கியது. ஆற்றங்கரை, சாலையோரம், ரயில்பாதை, பாலம் என்று ஏதோ ஒரு பொதுத் திட்டத்துக்காக அகற்றப்பட்டவர்களை நகருக்கு வெளியே ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் குடியேற்றுவது. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் அதிகமான வீடுகள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரியில் 6,000-க்கு மேல். அதன்பின் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் பணத்தில் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களாக 20,000-க்கும் மேல். இப்படி ஒரே சுற்றுவட்டாரத்தில் வாழும் மக்களின் எண்ணிக்கை ஒரு மாவட்டத் தலைநகருக்கு உரியது. மாவட்டத் தலைநகருக்கு உரிய மருத்துவமனை, கல்லூரி, சந்தை, வேலை எதுவும் வீடுகளோடு சேர்ந்து வரவில்லை. பிறகு, ஒவ்வொன்றாக, போராடித்தான் வந்தன.

கண்ணகி நகரின் பழைய வீடுகள் 195 சதுர அடி. பதினாலுக்குப் பதினாலு என்று வைத்துக்கொள்ளலாம்; அதற்குள் சமையல் இடம், கழிப்பறை, மீதி ஒரே அறை. பெற்றோர், கல்யாணமான மகன், மருமகள், பேரப்பிள்ளை என்று ஐந்து பேர் இருந்தால் இரவில் ஆண்கள் நடைபாதையில் பாயை விரிக்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கிறாள். குடிசையில் இருந்தபோது கல்யாணத்துக்குப் பின் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொள்ள முடிந்தது. மாடி வீட்டில் எந்தப் பக்கமும் நகர முடியாது. தொழில்நுட்பக் குழு எண்ணிய நெருக்கடிக் குடும்பங்களை, பற்றாக்குறையைத் தீர்க்க வந்த திட்டமே புதிதாக உண்டாக்கியது. பெரும்பாக்கத்து வீடுகள் இதைவிடப் பெரியவை. ஆனால் ஏழாம் மாடியில் இருப்பவருக்கு லிஃப்ட் நின்றுபோன நாளில் தண்ணீர்க் குடத்தோடு படியேற வேண்டியிருக்கிறது. இட்லிக் கடை வைத்துப் பிழைத்தவருக்கு வாசல் இல்லை.

வேலை என்று வரும்போது தூரத்தின் விலை தெரிகிறது. மயிலாப்பூரிலும் ஆயிரம்விளக்கிலும் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண், இங்கே வந்தபின் விடிவதற்கு முன் பஸ் ஏற வேண்டும். முன்பு காலையில் இரண்டு வீடு முடித்து, வந்து சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மாலையில் மூன்றாவது வீட்டுக்குப் போவார். இருபது கிலோமீட்டருக்கு மேல் போய்வரும்போது அந்த இடைவேளைக்குத் திரும்பிவர முடியாது. ஒரு வீட்டு வேலையை விட்டுவிடுகிறார், அல்லது பிள்ளையைக் கவனிப்பதை விடுகிறார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு கையிலிருந்து போகும் பணம் குறைந்தது, அது பெரிய ஆறுதல். பயணத்தில் போகும் மூன்று மணி நேரத்தைத்தான் யாரும் திருப்பித்தர முடியவில்லை. இதற்கு மேல், முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசிக்கிறார்கள், கடன் தர மறுக்கிறார்கள் என்ற குறை கண்ணகி நகரில் இருபது ஆண்டுகளாகக் கேட்கிறது. அந்த நகரில் வளர்ந்த ஒரு பெண் 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டிகளில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். அந்தப் பெருமை முழுக்க அந்தப் பிள்ளைக்கும் அவரை வளர்த்த ஊருக்கும் உரியது.

இடத்தின் தேர்வில் இன்னும் கொடுமையான ஒன்று உண்டு. செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் நீர் வந்து சேரும் தாழ்வான பகுதியில் இருக்கின்றன. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு, குப்பைக் கிடங்குக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் போக மிஞ்சிய நிலையில், 2022-இல் 1,247 ஹெக்டேர் பரப்பு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பங்கள் ‘வெள்ள அபாயம்’ என்று சொல்லி அகற்றப்பட்டு, பெரும்பகுதி பெரும்பாக்கத்தில் குடியேற்றப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் தண்ணீரில் நின்றன. நகரத்துக்குள் மலிவான அரசு நிலம் கிடைக்கவில்லை என்பது எப்போதும் சொல்லப்படும் காரணம். மலிவாக இருந்ததே அது தண்ணீருக்கு உரிய நிலம் என்பதால்தான்.

குடிசை மாற்று வாரியத்தின் திட்டங்களை மட்டும் பேசினால் இந்தப் பெருநகரின் பாதிக் கதை விட்டுப்போகும். சென்னையின் புறநகரைக் கட்டியது அரசும் இல்லை, பெரிய கட்டுமான நிறுவனங்களும் இல்லை; மனைப் புரோக்கரும் மாதத் தவணை கட்டிய குடும்பங்களும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே வேன் நிற்கும். ஏற்றிக்கொண்டு போய், நேற்றுவரை நெல் விளைந்த வயலில் வரிசையாக நட்ட வெள்ளைக் கற்களைக் காட்டுவார்கள். மதியம் சாப்பாட்டுப் பொட்டலம். ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று ஒரு ரப்பர் முத்திரை போதும். அரைக் கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு என்று அச்சக ஊழியரும் சத்துணவு அமைப்பாளரும் டெலிபோன் லைன்மேனும் வாங்கினார்கள். பத்து வருஷம் கழித்து ஓய்வுபெற்ற பணத்தில் வீடு எழுந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற இடங்களில் 2015-இல் முதல் மாடி வரை வெள்ளம் ஏறியபோதுதான் தங்கள் தெரு ஆற்றின் வடிகால் வழியில் இருக்கிறது என்று பலருக்குத் தெரிந்தது.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. விளைநிலமும் நீர்நிலையும் அழிவதைத் தடுக்க அந்தத் தீர்ப்பு அவசியமாக இருந்தது. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தியது. அதன்பின் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அங்கீகாரம் இல்லாமல் மனை விற்பது கடினமாயிற்று. முறையான மனைப்பிரிவில் சாலை அகலம் வேண்டும், பூங்காவுக்கு இடம் விட வேண்டும், வளர்ச்சிக் கட்டணம் கட்ட வேண்டும். எல்லாம் நியாயமானவை, எல்லாமே சதுர அடி விலையில் வந்து சேர்ந்தன. சட்டத்துக்குப் புறம்பான மலிவு மனையின் கதவு மூடப்பட்டது, சட்டத்துக்கு உட்பட்ட மலிவு மனையின் கதவு திறக்கப்படவில்லை. முகப்பேர் பாணியில் ஒரு சென்ட் மனைகளை அரசு போட்டுத்தர வேண்டிய சரியான தருணம் அதுவாக இருந்தது. பத்திரச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து மதிப்பில் 9 சதவீதம். பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் ஒரு சதவீதம் குறைகிறது, ஆனால் 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்கு மட்டும். பெருநகரின் எல்லைக்குள் பத்து லட்சத்துக்கு வீடு தேடுவது வீண் அலைச்சல்.

இந்தப் புறநகர்களுக்கு நகரம் என்ற தகுதி கிடைத்தும் நகரத்தின் வசதி வரத் தாமதமாகிறது. 2011-இல் அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர், ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் உள்ளிட்ட 42 உள்ளாட்சிகளை இணைத்துச் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. ஆவடியும் தாம்பரமும் தனி மாநகராட்சிகளாயின. பெருநகர்த் திட்டப் பகுதியையே 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க 2022-இல் அரசாணை வந்தது. இணைந்த பகுதிகள் பலவற்றில் இன்னும் பாதாளச் சாக்கடை முழுமையாகவில்லை. கழிவுநீர் லாரிக்கு ஒரு செலவு, கோடையில் தண்ணீர் லாரிக்கு இன்னொரு செலவு. வாடகை மலிவு என்று வெளியே போன குடும்பம் மலிவாகக் கிடைத்ததை லாரிகளுக்குக் கொடுத்துவிடுகிறது.

பணத்தின் பக்கம் வருவோம். 2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2022-க்குள் அனைவருக்கும் வீடு என்று இலக்கு வைத்தது. 2024-இல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. சொந்த மனையில் தானே வீடு கட்டிக்கொள்பவருக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சம், தமிழக அரசு 60,000 என்று 2.10 லட்சம் கிடைத்தது. சிறு நகரங்களில் இது நன்றாக உதவியது. ஆனால் பட்டா வேண்டும். புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருந்து, வீட்டு வரியும் மின் கட்டணமும் கட்டி, ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வைத்திருப்பவருக்குப் பட்டா இல்லாததால் இந்தப் பணம் இல்லை. திட்டத்தின் நான்கு பிரிவுகளில் குடிசைப் பகுதியை இருந்த இடத்திலேயே மேம்படுத்தும் பிரிவுதான் நாடு முழுவதும் ஆகக் குறைவாகப் பயன்பட்டது. எங்கே தேவை அதிகமோ அங்கே திட்டம் போகவில்லை.

குடிசை மாற்று வாரியம் 2021 செப்டம்பரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அந்த ஆண்டிலேயே இரண்டு நிகழ்வுகள் அதன் கட்டடங்களைப் பற்றிப் பேசவைத்தன. ஆகஸ்ட்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்காவின் புதிய அடுக்குமாடியில், கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்தது, ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட பழைய கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலை முன்கூட்டியே கண்டு எல்லோரையும் வெளியேற்றியதால் உயிர்கள் தப்பின. பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் பெரிய வீடுகளாகக் கட்டும் பணியை அரசு அதன்பின் வேகப்படுத்தியிருக்கிறது. இதை மனதார வரவேற்கிறேன். முதல் பதிலுக்கு நகரம் திரும்புகிறது. இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். கட்டி முடியும் வரை வெளியில் வாடகைக்கு இருக்க ஒரு குடும்பத்துக்கு 24,000 ரூபாய் தரப்படுகிறது. சென்னையில் அது சில மாத வாடகைக்கே சரியாகும், கட்டுமானமோ ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. அடுத்து, பயனாளி பங்குத் தொகை. ஏற்கெனவே ஐம்பதாண்டு வாழ்ந்த இடத்துக்குத் திரும்பிவர லட்சக்கணக்கில் கட்டு என்றால், கட்ட முடியாதவர் ஒதுக்கீட்டை ரகசியமாகக் கைமாற்றிவிட்டுப் போய்விடுவார். பெயர் அவருடையதாக இருக்கும், குடியிருப்பது வேறொருவராக இருக்கும்.

வாடகை இந்தக் கேள்வியின் அதிகம் கண்டுகொள்ளப்படாத பகுதி. சென்னையில் கிட்டத்தட்டப் பாதிக் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன, ஆனால் அரசின் வீட்டுக் கொள்கை ஏறக்குறைய முழுவதும் சொந்த வீட்டைப் பற்றியது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் அமலானது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. ‘வேறு ஒப்பந்தம்’ என்ற வாசலில் பழைய பத்து மாத அட்வான்ஸ் தாராளமாக நுழைகிறது. எட்டாயிரம் வாடகை என்றால் எண்பதாயிரம் வேண்டும். அந்தப் பணத்தைக் கந்துவட்டிக்கு வாங்கி வீட்டு உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, வாடகையோடு வட்டியும் கட்டும் குடும்பங்கள் எத்தனையோ. அதன்பின் சாதி கேட்கும் உரிமையாளர்கள், ‘சைவம் மட்டும்’ பலகைகள், முஸ்லிம் பெயரைக் கேட்டதும் காலியாக இல்லை என்று சொல்லும் குரல்கள், தனியாக வாழும் பெண்ணிடம் கேட்கப்படும் கேள்விகள். இவற்றில் எதற்கும் அந்தச் சட்டத்தில் மருந்து இல்லை.

மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இந்த வாடகைச் சிக்கலின் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். தொழிற்சாலைகள் வந்தன, தொழிலாளர் தங்க இடம் வரவில்லை. ஊர்க்காரர்கள் கொல்லையில் வரிசையாக அறைகளைக் கட்டி, ஓர் அறைக்கு எட்டுப் பத்துப் பேர் என்று வடமாநிலத் தொழிலாளருக்கு விட்டார்கள். 2021 டிசம்பரில் மின்னணு ஆலைப் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவு நஞ்சானதை அடுத்துப் பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் மறியல் செய்தபோதுதான், அவர்கள் எங்கே எப்படித் தூங்குகிறார்கள் என்று மாநிலம் கேட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி 706.50 கோடி ரூபாயில் மாநில அரசின் தொழில் முன்னேற்ற நிறுவனமான சிப்காட் மூலம் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம் என்றே சொல்வேன், ஆலையோடு சேர்த்து உறைவிடத்தையும் அரசு கணக்கில் எடுத்திருக்கிறது. ஆனால் விடுதி என்பது இருபது வயதுக்கு உரியது. அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயதில் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால், ஆலைக்கு அருகில் குடும்பமாக வாழ வாடகை வீடு வேண்டும். அப்படி ஒன்று இல்லாதபோது அவர் வேலையை விட்டு ஊருக்குப் போகிறார்.

சிங்கப்பூரைப் பாருங்கள் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அங்கே பத்தில் எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள் என்பது உண்மை. அந்த மாடிகளுக்கு அடியில் 1966-இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் இருக்கிறது. விலை ஏறுவதற்கு முன் நிலத்தை அரசு தன் கைக்குக் கொண்டுவந்தது. வீடும் ரயிலும் பள்ளியும் சந்தையும் ஒரே திட்டத்தில் வந்தன. நாம் மாடியைப் பார்த்துக் காப்பியடித்தோம், நிலத்தைப் பார்க்கவில்லை.

விலை ஏறுவதற்கு முன் நிலத்தைப் பிடிக்கும் அந்த வாய்ப்பு சென்னைக்கு இப்போது ஒருமுறை மீண்டும் வருகிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை, இன்னொரு தடத்தில் பூந்தமல்லி வரை என்று புறநகருக்குள் ஊடுருவுகிறது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டமும் தயாராகிக்கொண்டிருக்கிறது. மெட்ரோ தூண் எழுந்த தெருவில் வாடகை ஏறுவதை எல்லோரும் பார்க்கிறோம். பொதுப் பணத்தில் போட்ட தண்டவாளத்தால் தனியார் நிலத்துக்கு ஏறும் விலையில் ஒரு பங்கு, அந்த நிலையத்தின் நடை தூரத்துக்குள் சிறு மனைகளாகவும் அரசு வாடகை வீடுகளாகவும் திரும்பி வர வேண்டும். கருவிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. பெரிய குடியிருப்புத் திட்டங்களில் ஒரு பங்கைச் சிறு வீடுகளுக்கு ஒதுக்க விதி இருக்கிறது. வீட்டின் அளவோடு வாங்குபவரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது உயிர்பெறும். பெரிய கட்டடங்களிடம் வசூலாகும் உறைவிடக் கட்டணம் இருக்கிறது. வசூலான பகுதியிலேயே, நிலம் வாங்க மட்டுமே, செலவிட வேண்டும் என்று கட்டுப்படுத்தலாம். அரசு அலுவலர் குடியிருப்பு, பழைய பஸ் பணிமனை, செயலிழந்த பொதுத்துறை ஆலை என்று நகரத்துக்குள் அரசு நிலம் கிடக்கிறது. அவற்றை ஏலம் விட்டால் ஒருமுறை பணம் வரும், பிறகு அந்த இடத்தில் ஏழைக்கு வீடு கட்ட எந்த அரசாலும் முடியாது.

அகற்றுவதை நிறுத்தாமல் கட்டுவதை மட்டும் பேசுவதிலும் பயனில்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின்படி வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த மக்கள் அவர்கள். அப்படி வாழும் எத்தனை பகுதிகள் சட்டத்தின் பாதுகாப்புக்குள் இருக்கின்றன? 1971 சட்டப்படி ஒரு பகுதி குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டுவிட்டால், அங்கே குடியிருப்பவரை உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் யாரும் வெளியேற்ற முடியாது. குடிநீர், கழிப்பறை, பாதை செய்துதர வாரியத்துக்குக் கடமை வருகிறது. 1971-இல் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்ந்தன. அதன்பின் நகரம் பல மடங்கு பெருகியது, பட்டியலில் புதிய பெயர் ஏறவில்லை. அதற்குப் பிறகு உருவான பகுதிகளையும், அன்றே இருந்து விடுபட்டுப்போன பகுதிகளையும் ‘ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு’ என்ற ஒற்றைச் சொல்லால் அதிகாரிகள் குறிக்கிறார்கள். அவற்றைப் பட்டியலில் சேர்க்கப் புதிய சட்டமோ உலக வங்கிக் கடனோ தேவையில்லை. வார்டு வாரியாகப் போய்க் கணக்கெடுத்து, 1971 சட்டத்தின் மூன்றாம் பிரிவின் கீழ் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டால் போதும்.